ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்களா?

பினாங்கில் கண் பரிசோதனை அறையிலேயே 20 வருடம் ஓடிவிட்டது. கேளுங்கள்.

பிறையிலிருந்து: வயது 58, இனிப்புநீர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதல் பாலத்தில் காடி ஓட்டும்போது ரோட்டுக் கோடு பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது. பேப்பர் படித்தால் ஒன்றுதான். கண்ணாடி மாற்ற வேண்டுமா?

முதலில் காடிச் சாவியை மகனிடம் கொடுங்கள். அப்புறம் ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எதை மூடினாலும் இரட்டை மறைந்தால், கண்கள் ஒன்றாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். ஒன்றை மூடியும் இரண்டாகவே தெரிந்தால், திறந்திருக்கும் கண்ணில்தான் கோளாறு: கண்புரை, வறட்சி, பவர். தூரத்தில் மட்டும் பக்கவாட்டில் இரண்டாகத் தெரிவதால், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பின் மேல் எனக்குச் சந்தேகம். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது வரும், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், இன்றே போங்கள்.

இமை தொங்கி, கண்ணின் பாப்பாவும் விரிந்திருந்தால் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். மூளை ரத்தக்குழாய் வீங்கி மூன்றாம் நரம்பை அழுத்தலாம். பனடோல் போட்டுத் தூங்கும் நேரமில்லை அது.

வலது இமை துடிக்கிறது, நரம்புக் கோளாறா?

தூக்கம், கோப்பி. அவ்வளவுதான்.

மகளுக்கு 4 வயது, மாறுகண். அதிர்ஷ்டம், கைவைக்காதே என்கிறார் மாமியார்.

ஒதுங்கிய கண்ணின் படத்தை மூளை ஓரங்கட்டிவிடும், அந்தக் கண் சோம்பேறியாகிவிடும். சின்ன வயதில் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடி ஒட்டும் பட்டையும் வேலை செய்யும். தள்ளிப்போட்டால் பலன் குறையும்.

(உடனே ஒருவர்: "எங்கள் மாமாவுக்கு மாறுகண், இரண்டு தடவை நாலு நம்பர் லாட்டரி அடித்தது!" இன்னொருவர்: "எங்கள் சித்தப்பாவுக்கும் மாறுகண், வீட்டையே விற்றார்." அரை மணி நேரம் இதே பேச்சு.)

போதும் ஐயா. மாமாவின் நம்பரை வைத்தா பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது?

தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஏறும்போது ஒன்றுமில்லை அக்கா, இறங்கும்போது ஒவ்வொரு படியும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.

513 படி, கைப்பிடியை விடாதீர்கள்! நான்காம் நரம்பு ஓட்டும் தசையின் நாண், கிணற்றுக் கயிறு போல ஒரு கப்பி வழியாகப் போய்க் கண்ணைக் கீழே இறக்கும். அது சோர்ந்தால் படியிறங்குவதும் படிப்பதும்தான் சிரமம். பழைய பள்ளிப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதிலும் தலை சாய்ந்திருந்தால், பிறவிக் குறையை இத்தனை நாள் கழுத்து சமாளித்திருக்கலாம். சாயவில்லையா? தலையில் அடிபட்டதா, மோட்டாரில் விழுந்தீர்களா என்று டாக்டர் கேட்பார். படத்தையும் கொண்டுபோங்கள்.

சாயங்காலம் மட்டும் இமை இறங்குகிறது, இரண்டாகவும் தெரிகிறது.

காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமானால் தசைச்சோர்வு நோயா என்று சோதிக்க வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் அவசரப் பிரிவு.

அக்கா, இடது இமை துடிக்குது, பெண்களுக்கு நல்லதாமே?

நல்லதுதான். போய்த் தூங்கும்மா.