வாரியத்தின் பெயர் மாறினால் அப்பாவின் ஒதுக்கீட்டு ஆணை செல்லாதா?

கேள்வி: 1994-ல் சென்னையில் குடிசை மாற்று வாரியம் என் அப்பாவுக்கு வீடு ஒதுக்கியது. தவணை முழுவதும் கட்டிவிட்டோம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா, நான், தம்பி மூவரும் அங்கேதான் இருக்கிறோம். கிரையப் பத்திரம் வாங்கலாம் என்று விசாரித்தால், "வாரியத்தின் பெயரே மாறிவிட்டது, பழைய ஆர்டர் செல்லாது. 15,000 கொடுத்தால் அதிலேயே புதுப் பெயர் முத்திரை குத்தித் தருகிறேன்" என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணத்தை மட்டுமல்ல, அந்த ஆணையையும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. வேறு வாரியம் வந்து உட்காரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பெண் இனிஷியலை மாற்றிக்கொண்டால், அதற்கு முன் அவர் போட்ட கையெழுத்து செல்லாமல் போகுமா? அப்படித்தான் இதுவும். நம் மாநிலத்தின் பெயரே 1969 ஜனவரி 14-ல் மாறியது. நிலுவையில் இருந்த வழக்குகள் புதுப் பெயரில் தொடரும் என்று பெயரை மாற்றிய சட்டமே சொன்னது. பழைய பட்டாவை யாரும் தூக்கிப் போடவில்லை.

ஓர் அமைப்பைப் பிரித்தால் கதை வேறு. 2010-ல் மின்சார வாரியத்தை நிறுவனங்களாகப் பிரித்தபோது எந்தச் சொத்து, எந்தக் கடன் யாருக்கு என்று தனியாக வகுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முத்திரை விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. நான்காக மடித்து, மடிப்பில் டேப் ஒட்டி, ஓரம் பழுத்துப்போன ஆணைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியே இருந்தால் அது நல்ல ஆதாரம். அதன்மேல் வெளியாள் ஒருவர் முத்திரை குத்தினால் ஆவணத்தைத் திருத்தியதாகிவிடும், மாட்டிக்கொள்வது நீங்கள்.

சரி, உண்மையில் மாற வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது. அது உங்கள் அப்பாவின் பெயர். 'பெயர் மாற்றம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தரகர் உங்களைக் குழப்பியிருக்கிறார். ஒதுக்கீடு வாரிசுகள் பெயருக்கு வந்தால்தான் பத்திரம் கேட்க முடியும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், தவணை ரசீதுகள் எல்லாவற்றையும் நகலெடுத்து, வாரியத்தின் உங்கள் பகுதி எஸ்டேட் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அம்மா பெயருக்கு மட்டும் மாற்றுவதென்றால் உங்கள் இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். மனுவில் வாரியத்தின் இன்றைய பெயரை எழுதி, பக்கத்தில் 'முன்னாள் குடிசை மாற்று வாரியம்' என்று சேர்த்தால் போதும். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறமும் நகரவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லை, உங்களுக்கும் அம்மாவுக்கும் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.