லீட்ஸுக்குப் போகும் கிறிஸ்துமஸ் பெட்டி

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் நர்ஸ். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு லீவு இல்லை. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, பிளம் கேக், பேரனுக்கு உடுப்பு எல்லாம் அனுப்ப ஆசை. போன வருடம் கூரியரில் அனுப்பிய பெட்டி ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தது. ஐந்து கிலோ பெட்டிக்குப் பத்து கிலோவுக்குப் பணம் வாங்கினார்கள். அங்கே மகளும் வரி கட்டினாள். இந்த முறை நிம்மதியாக அனுப்ப வழி சொல்லுங்கள்.
— ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பத்து கிலோ கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்களை யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. விமானத்தில் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் காசு உண்டு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுப்பார்கள். வரும் எண், தராசு காட்டும் எடை, இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 45, 35, 30 என்று ஒரு பெட்டி எடுத்தால் கணக்கில் ஒன்பதரை கிலோ வந்துவிடும். அதே ஐந்து கிலோ சாமானை 40, 30, 20 பெட்டியில் அடக்கினால் 4.8 கிலோதான். அச்சு முறுக்கு கனமே இல்லாமல் இடத்தை அடைக்கிற பண்டம். ஆசைக்கு ஒரு இருபது போதும், முந்திரிக்கொத்தை நிறைய வையுங்கள். பெட்டி வாங்கும் முன்பே டேப்பால் அளந்து பாருங்கள்.

முறுக்கை பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், தூளாகிவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, மேலே மிஞ்சும் இடத்தைப் பேரனின் பனியனால் நிரப்புங்கள். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் உள்ளே இன்னும் இடைவெளி இருக்கிறது. ஆனால் டேப் ஒட்டி மூடிவிட்டுப் போக வேண்டாம், கவுண்டரில் திறந்து காட்டச் சொல்வார்கள். ஆதார் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரி. பிரிட்டனில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசு 39 பவுண்டுக்குள் இருந்தால் சுங்கமும் கிடையாது, வாட் வரியும் கிடையாது. அதாவது நம் கணக்கில் சுமார் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதைத் தாண்டினால் வரியோடு கையாளும் கட்டணமும் சேர்ந்து மகள் தலையில் விழும். இதில் உங்களுக்கு உதவும் ஒரு விதி உண்டு: ஒரே பெட்டியில் மகளுக்கு, மருமகனுக்கு, பேரனுக்கு என்று தனித்தனியாகப் பொதிந்து, பெயர் எழுதி, சுங்கப் படிவத்திலும் தனித்தனியாகக் காட்டினால் அந்த வரம்பு ஒவ்வொருவருக்கும் பொருந்தும். படிவத்தில் ‘கிஃப்ட்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘குழந்தை உடுப்பு 2, பிளம் கேக் 1’ என்று எண்ணிக்கையும் விலையும் உண்மையாக எழுதுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். பெட்டி தொலைந்தால் நஷ்ட ஈடும் அந்த விலைக்குத்தான் பேசுவார்கள்.

இறைச்சியும் பால் பொருளும் அந்த நாட்டுக்குத் தபாலில் போகாது. பால்கோவா, நெய், உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், அவள் எவ்வளவு கேட்டாலும். கிரீம் வைக்காத கேக் போகும். சென்ட், பவர் பேங்க், மத்தாப்பு ஆகியவை விமானத்தில் போகும் பார்சலுக்கு ஆகாதவை.

தேதிதான் எல்லாவற்றுக்கும் மேல். டிசம்பர் பிறந்தால் இங்கேயும் அங்கேயும் பெட்டிகள் குவிந்துவிடும். தபால் நிலையத்தில் என்றால் நவம்பர் கடைசி வாரத்துக்குள் புக் செய்யுங்கள். விரைவு கூரியர் என்றாலும் டிசம்பர் முதல் வாரத்தைத் தாண்டாதீர்கள். கேக் நாள்பட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்துதான் பலர் தாமதிக்கிறார்கள். நன்றாக ஊறிய பழம் போட்ட கேக் நாள் ஆக ஆக ருசிதான் கூடும். முந்திரிக்கொத்துக்குத் தேங்காயை ஈரம் போக நன்றாக வறுத்துவிடுங்கள், அதுவும் தாங்கும்.

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்குக் கேக்கோடு வீட்டில் அரைத்த குருமா மசாலாவும் அனுப்பலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அதில் கசகசா இருந்தால் கட்டாயம் கூடாது. அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. சமையலுக்குத்தான் என்ற விளக்கம் எடுபடாது, மாட்டிக்கொள்வது பெட்டியை வாங்கும் உங்கள் தம்பி. வெள்ளைப் பொடி எதையும் அடையாளம் இல்லாமல் பொட்டலம் கட்டி வைக்காதீர்கள். ரம்மில் ஊறிய கேக்கும் அங்கே வேண்டாம், திராட்சைச் சாற்றில் ஊறவைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, பணம் கட்டுங்கள்’ என்று லிங்கோடு செய்தி வருகிறது. உண்மையா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: லிங்கைத் தொடாதீர்கள். உங்கள் ரசீதில் இருக்கும் டிராக்கிங் எண்ணை, நீங்கள் பெட்டியைக் கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். அங்கே இல்லாத நிலுவை எங்கேயும் இல்லை. பணம் கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு. பெட்டி உடைந்தோ குறைந்தோ போய்ச் சேர்ந்து, கூரியர்காரர் கைவிரித்தால், அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதும் பெட்டியைக் கட்டும்போது எடுத்த போட்டோவும் பத்திரமாக இருக்கட்டும்.