தேங்காய்ப்பூவும் சேச்சி சொன்ன பொங்கும்

அன்புள்ள ஐயா,

நான் கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம். செக்போஸ்ட் தாண்டித் தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ விற்கிறார்கள். வாங்கிப் போனால், ஐந்தாவது படிக்கும் மகள் "பூதானே காயாகும், காய்க்குள்ளே எப்படிப் பூ வந்தது?" என்கிறாள். பக்கத்து வீட்டுச் சேச்சியோ, அது பூவே இல்லை, பொங்கு என்கிறார். எது சரி? அப்புறம், நன்றாகக் காய்க்கிற மரத்து நெற்றை விதைக்குப் போட்டால் அதே மாதிரி காய்க்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சேச்சி சொல்வதுதான் சரி. தென்னையின் பூ பாளையில் இருக்கிறது. கள்ளுக்குச் சீவுகிற மரத்தில் பாளையை விரியவே விடமாட்டார்கள் என்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதைச் சரியாகப் பார்த்திருப்பதில்லை. சீவாத மரத்தில் காட்டுங்கள். கதிர் நெடுக நெல்மணி மாதிரி ஒட்டியிருப்பதெல்லாம் ஆண் பூ, அடியில் பொத்தான் மாதிரி உருண்டையாக ஒன்றோ இரண்டோ இருந்தால் அது பெண் பூ, குரும்பையாவது அதுதான்.

மகரந்தம் பெண் பூவில் விழுந்து, உள்ளே ஒரு குழாயை விட்டு, அதன் வழியாக இரண்டு உயிரணுக்களை அனுப்புகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று வேறொரு அணுவோடு சேர்ந்து, அந்தக் கருவுக்குச் சாப்பாடாகிறது. (1898இல் நவாஷின் என்ற ரஷ்யர் இதை லில்லிப் பூவில் கண்டுபிடித்தார்.) தென்னையில் அந்தச் சாப்பாடுதான் நாம் குடிக்கிற இளநீரும் துருவுகிற பருப்பும். பிள்ளைக்கு வைத்த கட்டுச்சோற்றைத்தான் சட்னி அரைக்கிறோம்.

போன மாதம் முளைத்த நெற்று ஒன்றை உடைத்துப் பார்த்தேன். சிரட்டையின் மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கும் ஒன்றுக்குப் பின்னால்தான் கரு, நிலக்கடலைப் பருப்பு அளவுகூட இருக்காது. அதன் ஒரு முனை வெளியே போய்க் குருத்தும் வேருமாகிறது, மறுமுனை உள்ளே பஞ்சுப்பந்தாக ஊதி, தண்ணீரையும் பருப்பையும் உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பந்துதான் வண்டியில் விற்பது, சேச்சி சொல்லும் பொங்கும் அதுதான். அவரை விதையை ஊறவைத்துப் பிளந்தால் இரண்டு பருப்பாகப் பிரியுமே, அதே வித்திலைதான் இதுவும், என்ன, தென்னைக்கு ஒன்றுதான், அதுவும் வெயிலையே பார்க்காமல் உள்ளேயே கிடந்து முடிந்துவிடும்.

நெற்று விஷயம். நெட்டை மரத்தில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் பெரும்பாலும் கொட்டித் தீர்ந்த பிறகுதான் பெண் பூ தயாராகும், அதனால் மகரந்தம் வேறு மரத்திலிருந்து வந்திருக்கும். அம்மாவைத் தெரியும், அப்பா யாரென்று தெரியாது. ஆகவே ஒரே நெற்றை நம்பாதீர்கள். பத்துப் பதினைந்து போட்டு, சீக்கிரம் முளைத்து, கழுத்து தடித்து, ஓலை முந்திப் பிரிகிற கன்றை எடுத்து நடுங்கள். குட்டை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அதில் இந்தக் குழப்பம் குறைவு.

விதைக்குப் போட்டதை மகள் உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் உடைத்தது வீட்டில் விதைக்கென்று எடுத்து வைத்திருந்த நெற்று, இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.