வாசகர் கேள்வி: வெந்நீர் ஊற்றில் முங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நண்பர்கள் நாலு பேர் இமாசலப் பிரதேசம் போகிறோம். மணிகரண் பார்த்துவிட்டு, பர்சைனியிலிருந்து கீர்கங்காவுக்கு நடக்கிறதாகத் திட்டம். அங்குள்ள வெந்நீர்க் குளத்தில் நம்ம ஆற்றில் குளிக்கிற மாதிரி குளிக்கலாமா? நம்ம அருவியெல்லாம் ஏன் குளிர்ந்தே விழுது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: குளிக்கலாம், முங்கக் கூடாது. பாபநாசம் படித்துறையில் பழகிய உடம்புக்கு இதுதான் சிரமம். மூளையைத் தின்னும் அமீபா பற்றிக் கேரளச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும். அதனால் கழுத்தோடு நிறுத்துங்கள்.

அடுத்தது சூடு. தண்ணீர் தெளிவாக, ஆவி அதிகம் இல்லாமல் இருந்தால் கண் ஏமாந்துவிடும். மணிகரணில் அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றுக்குள் விட்டே வேகவைக்கிறார்கள். சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்; தோலைக் கழற்ற அது தாராளம். குளிக்க 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கையோடு இருக்கட்டும். இல்லையென்றால் செம்பில் கயிறு கட்டி மொண்டு, புறங்கையில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. சூடான நீர் லேசானது, மேலே மிதக்கும். ஊற்றுக்கண் இருக்கும் இடத்திலோ அடிமணலே கொதிக்கும். மேல்மட்டம், அடிமட்டம், தண்ணீர் வந்து விழும் மூலை என மூன்றையும் பார்த்த பிறகு காலை வையுங்கள்.

ஊற்றைச் சுற்றி வெள்ளையாக, மஞ்சளாகப் படிந்த ஓடு பாறை மாதிரி தெரியும். சில இடங்களில் அப்பளம் கனம்தான், கீழே கொதிநீர். ஆள் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது கந்தக வாயு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். அதனால் வாடை நின்றுவிட்டது என்று அங்கே உட்காராதீர்கள். வெள்ளி மோதிரம், அரைஞாண் கறுத்துவிடும், கழற்றி வையுங்கள்.

10 நிமிடம் போதும். நடந்து களைத்த உடம்பில் வெந்நீர் ரத்தக் குழாய்களை விரிக்கும். சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். படியில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குற்றாலத் துண்டு இரண்டு எடுத்துப் போங்கள், சீக்கிரம் காயும். கீர்கங்காவின் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரக் குளிரில் ஈரத்தோடு நிற்கக் கூடாது. முருகன் தவம் செய்த இடமென்று அந்த ஊர்க்காரர்கள் கும்பிடும் குளம் அது. எண்ணெய், சோப்பு வேண்டவே வேண்டாம்.

நம்ம அருவிகள் மழைத்தண்ணீர், பாறை மேலேயே ஓடி வருகிறவை. வெந்நீர் ஊற்றோ, மழைநீர் வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கித் திரும்புவது. கீழே போகப்போகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். இமயம் இன்னும் நெருக்குண்டு உடைகிற மலை என்பதால் ஆழமான வெடிப்புகள் அங்கே திறந்திருக்கின்றன. சூடு ஆறுமுன் தண்ணீர் மேலே வந்துவிடுகிறது.