சிறகவரை ஏன் பூக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

விதைத் திருவிழா ஒன்றில் வாங்கிய சிறகவரை (winged bean) விதைகளை மாசியில் திருச்சி வீட்டுக் கொல்லையில் ஊன்றினேன். வாரந்தோறும் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். கொடி பந்தலையே மூடிவிட்டது. ஆவணி பிறந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. இது ஆண் கொடி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பிடுங்கிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிடுங்க வேண்டாம். ஆண் கொடி, பெண் கொடி என்ற பிரிவு பழுபாகல் போன்ற சில கொடிகளுக்குத்தான் உண்டு. சிறகவரையின் ஒவ்வொரு பூவிலும் சூலகமும் மகரந்தமும் சேர்ந்தே இருக்கின்றன. விதையிலும் குறையில்லை, விதைத்த மாதத்தில்தான் குறை.

பெரும்பாலான சிறகவரை வகைகள் பகல் குறுகும்போதுதான் பூக்கும். திருச்சியில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறும்பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வேறுபாடு. நாம் உணராமல் கடந்துவிடும் அந்தச் சிறு வேறுபாட்டைக் கொடி கணக்கு வைத்துக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்குகிற புரட்டாசியை ஒட்டித்தான் மொட்டு விடத் தொடங்குகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை மழையோடு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். இந்தக் கொடிக்கு அது வெளிச்சக் கணக்காகவும் அமைந்துவிடுகிறது. மாசியில் ஊன்றிய உங்கள் கொடி பூக்கும் பருவத்தை எட்டியபோது பகல் நீண்டுவிட்டது. பிண்ணாக்கையும் நிறுத்திவிடுங்கள், வேர்முடிச்சுகளால் தனக்கான தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் பயிருக்கு மேலும் ஊட்டினால் இலைதான் மிகும்.

1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம், வெப்பமண்டலத்துக்கேற்ற புரதப் பயிர் என்று இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. முற்றிய விதையில் ஏறக்குறைய 30 விழுக்காடு புரதம் உண்டு. பப்புவா நியூகினியின் மலைப்பகுதிகளில் கிழங்குக்காகவும் வளர்க்கிறார்கள். இத்தனை இருந்தும் இது பெரும்பயிராகாமல் போனதற்குக் காரணங்கள் உங்கள் கொல்லையிலேயே தெரிகின்றன: பந்தலுக்குச் செலவாகும், பட்டம் தவறினால் காய்க்காது. போதாததற்கு முற்றிய விதையை நெடுநேரம் ஊறவைத்து நன்றாக வேகவைத்தாக வேண்டும். இவையெல்லாம் ஏக்கர் கணக்கில் பயிரிடுபவரின் கவலைகள். ஒரு வீட்டின் பொரியலுக்கு நான்கைந்து கொடிகளின் பிஞ்சே போதும்.

காய் வந்ததும் சிறகு விளிம்புகள் நாராகும் முன்பே பறித்துவிடுங்கள். சிலவற்றை மட்டும் கொடியிலேயே முற்றவிட்டு, அடுத்த ஆடியில் விதைத்தோலைச் சற்றுக் கீறி இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றுங்கள். காய் வரும்வரை கொழுந்திலைகளைக் கிள்ளிப் பாசிப்பருப்புடன் கூட்டு வைக்கலாம். இத்தனை மாதம் பிண்ணாக்கு தின்ற கொடி அந்தக் கடனையாவது தீர்க்கட்டும்.