சாபம் பட்டவனுக்கு எதுவரை கதவு திறப்பது?

கேள்வி: 1620களில் யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஒரு மாயக்கதை எழுதுகிறேன். நாயகர் முனி, காடேறி போன்ற பேய்களையெல்லாம் பிடித்துக் கட்டுகிற மந்திரவாதி. அவரிடம் பறங்கியருக்கு, அதாவது போர்த்துக்கேயருக்குத் தப்பி ஒரு அரச வாரிசு வருகிறான். சின்னப் பொடியன், சாபம் பட்டவன். இருட்டினால் அவனுக்குள் இருப்பது வெளியே வந்து உயிர் குடிக்கும். காப்பதா, கொல்வதா என்ற இடத்தில் கதை நின்றுவிட்டது. எப்படி எழுதினாலும் சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்? (கோண்டாவில் வாசகர்)

பதில்: காப்பதா கொல்வதா என்று ஒரே கேள்வியாக வைத்ததுதான் பிழை. நாயகர் ஒரு பொடியனை வெட்டிப் போடமாட்டார் என்பது வாசிக்கிறவனுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், பிறகு அவர் இரண்டு அத்தியாயம் முற்றத்தில் உலாத்தி யோசித்து என்ன பயன்?

நம்முடைய பழைய வீடுகளைப் பாருங்கள். வாசலில் சங்கடப்படலை என்கிற வேலிக்கதவு, அதற்கொரு சின்னக் கூரை, வழிப்போக்கர் வெயில் மழைக்கு ஒதுங்க இடம், குடிக்க ஒரு பானைத் தண்ணீர். அதைத் தாண்டினால் திண்ணை. அதற்கும் உள்ளே வீடு. படலையடியில் தண்ணீர் கொடுக்க நீ ஆர் என்று கேட்கத் தேவையில்லை. திண்ணையில் படுக்கவிட்டால் விடியும்போது ஊர் பார்த்துவிடும். உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டால் அதன்பிறகு “எனக்கொண்டும் தெரியாது” என்று எவனிடமும் சொல்ல முடியாது. உங்கள் மந்திரவாதி ஒரே நேரத்தில் பெரிய முடிவு எடுக்க வேண்டாம், இந்த மூன்று எல்லையையும் ஒவ்வொன்றாகத் தாண்டட்டும், ஒவ்வொரு தடவையும் இதோடு சரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டே.

அவன் ஆர் என்பதையும் வசனத்தில் சொல்லாதீர்கள். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் கூழ் வார்த்துக் கொடுக்கட்டும். பொடியன் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் ஏந்த, மடிப்பு விரிந்து கூழ் முழங்கை வழியே ஒழுகும். வீட்டு நாய் குரைக்காது, எழும்பி வேலிப்பக்கம் போய்ப் படுக்கும். இந்த இரண்டையும் கண்டால் மந்திரவாதிக்குப் போதும், வாசிக்கிறவனுக்கும் போதும்.

சாதியைத் தவிர்த்து எழுதிவிடாதீர்கள். ஆர் எதுவரை வரலாம் என்பதை அதுதான் தீர்மானித்தது. அரண்மனைப் பிள்ளை இந்த மனிதர் வீட்டில் வாய் நனைப்பானா என்பதும் கேள்விதான், படலைக்கு மறுபக்கத்திலும் ஒருவன் தயங்கி நிற்கிறான்.

அடுத்தது, செலவு ஆருடையது? மந்திரவாதிக்கு மந்திரம் தெரியும், இடுப்பில் கட்டின நூல் இருக்கிறது, அவர் தப்பிவிடுவார். அவருடைய மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து உள்ளறையில் இருந்தால்? பிள்ளைப்பேற்று வீட்டைத் தேடி வரும் கொத்திப்பேயை நம் கிழவிகளுக்குத் தெரியும். தன் உயிரைப் பணயம் வைப்பது வீரம், கேட்காமல் மகளின் உயிரையும் சேர்த்து வைப்பதை என்னவென்று சொல்வது? கதையின் நடு இதுதான் என்பேன். அவர் மகளிடம் சொல்கிறாரா, மறைக்கிறாரா என்பதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

சாபம் எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மாவிட்டபுரக் கோயில் கதையில் இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரைமுகம், கீரிமலையில் தீர்த்தமாட அது போய்விட்டது. கோயில் கதைக்கு அது அழகு. உங்களுக்கு அப்படித் தீர்வு கிடைத்தால் கதையே முடிந்தது. சாபத்தில் ஒரு நியாயம் இருக்கட்டும். இவன் பாட்டன் காணி பறித்த குடும்பத்தின் கடைசிக் கிழவி மண் வாரித் தூற்றியது என்று வையுங்கள், அந்தக் கிழவி மந்திரவாதியின் ஊர்க்காரி என்றும் வையுங்கள். அப்புறம் கழிப்புச் சடங்கு செய்து அதை நீக்குவது வெறும் வைத்தியம் இல்லை, கிழவிக்கு எதிராகச் சாட்சி சொல்வது.

வரலாற்றிலும் உங்களுக்குச் சரக்கு இருக்கிறது. தெற்கே கோட்டை இராச்சியத்து அரசன் தர்மபாலனின் தகப்பன் வீதிய பண்டார, 1550களில் தோற்று ஓடி யாழ்ப்பாணம் வந்தபோது இங்கே அரசனாயிருந்த முதலாம் சங்கிலி அடைக்கலம் கொடுத்தான். பிறகு நல்லூரில் வெடிமருந்து வெடித்தது. தற்செயலாகத்தான். ஆனால் சந்தேகம் மூண்டு, கைகலப்பாகி, விருந்தாளி செத்தே போனான். உங்கள் கதையிலும் பொடியன் வந்த மூன்றாம் நாள் பக்கத்து வளவில் மாடு விழட்டும். கோமாரியா, சாபமா? கடைசிவரை சொல்லாதீர்கள். ஊர் காத்திருந்து தீர்ப்புச் சொல்லாது, மந்திரவாதியும் தெரியாமலேதான் ஒரு பக்கம் நிற்க வேண்டும்.

வள்ளம் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிடலாமே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அது நழுவல். 1619இல் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி குமாரனும் கடலால் தப்பப் பார்த்துத்தான் பிடிபட்டான், கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் கொன்றார்கள். வள்ளம் வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் ஓட்டுகிறவனுக்கும் பிள்ளை குட்டி உண்டு, இருட்டினால் நடுக்கடலில் என்ன நடக்கும் என்று மந்திரவாதி அவனிடம் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்துவிட்டார்கள். அந்த நாட்களில் வைரவர் சூலத்தை மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிற மனிதரைப் பறங்கியர் விட்டுவைப்பார்களா? பொடியனைக் காட்டிக்கொடுத்தால் அவருக்குப் பணம் கிடைப்பதாக எழுத வேண்டாம், அது மலிவு. தொழிலைத் தொடர விடுவோம் என்று சொல்லட்டும். பேய் பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அவரைத் தேடி வருகிறார்கள், ஒருத்தனைக் கொடுத்தால் அவ்வளவு பேரையும் காப்பாற்றலாம். இப்போது மறுப்பது கஷ்டம், இல்லையா?

நான் எழுதினால் அவரை மறுக்கத்தான் வைப்பேன். உள்ளே கூப்பிட்டாயிற்று, சோறும் போட்டாயிற்று. ஆனால் அந்த முடிவை எடுக்கிற இரவை எழுதமாட்டேன். விடிய, மகள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு நடக்கத் தொடங்குகிற இடத்தில் அத்தியாயத்தை ஆரம்பிப்பேன். நீங்களும் அங்கேயிருந்து தொடங்கிப் பாருங்கள், முன்னால் எழுதின உலாத்தல் பக்கங்களில் பாதியை வெட்டிவிடலாம்.