அடைமழையிலும் வேகத்தைக் குறைக்காத நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநரை அனுபவசாலி என்று நம்பலாமா?

வேகத்தைக் குறைக்காததே நம்பக்கூடாது என்பதற்குப் போதுமான காரணம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து, ஓட்டுநரின் கால் பிரேக்கை எட்டுவதற்குள்ளாகவே, ஒரு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடும். அதற்குப் பிறகு நிற்பதற்கு ஈரச்சாலையில் தேவைப்படும் தூரம், உலர்ந்த சாலையில் தேவைப்படுவதைப் போல இருமடங்கு வரை நீளக்கூடும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை இன்னும் மோசமானது, ஏனெனில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும்.

தேங்கிய நீரில் டயர் சாலையைத் தொடாமல் மிதக்கத் தொடங்கினால், ஸ்டீயரிங் திடீரென இலகுவாகிவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுப்பதே தேர்ந்த ஓட்டுநரின் அடையாளம்.

பெரிய வண்டி, உயரமான இருக்கை, பழகிய சாலை ஆகியவை தரும் பொய்யான துணிச்சலோடு, குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்ற நிர்வாகத்தின் நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. பழியை ஓட்டுநர்மீது மட்டும் போடுவது நியாயமன்று. 80-லிருந்து 60-க்குக் குறைத்தால் 100 கி.மீ.க்கு 25 நிமிடமே கூடும், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ கிட்டத்தட்டப் பாதியாகும். ஆகவே, சீட் பெல்ட் இருந்தால் அணிந்துகொள்ளுங்கள். ஓட்டுநரிடம் கத்தாமல், நடத்துநர் வழியாக "தாமதமானாலும் பரவாயில்லை, மெதுவாகப் போகச் சொல்லுங்கள்" என்று பயணிகள் சிலராகச் சேர்ந்து கேளுங்கள்.